பூவாடைக்காரி கப்பலேறிய கதை

1898-இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நேட்டாலுக்குப் புறப்பட்ட ஒரு கப்பலின் ஆள் பட்டியலில் எங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறது. ஜில்லா வட ஆற்காடு, தாலுகா போளூர், அதற்கு அடுத்த கட்டத்தில் எங்கள் ஊர். வரிசையின் தொடக்கத்தில் ஐந்து இலக்க எண் ஒன்று, பிறகு ஒரு பெண்ணின் பெயர், அவளுடைய தகப்பன் பெயர், வயது 24, சாதி, உயரம், உடம்பில் உள்ள அடையாளம். அடுத்த எண்ணில் நான்கு வயதுப் பெண் குழந்தை. இவ்வளவுதான். இந்த இரண்டு வரிகள் எங்கள் வீட்டுக்குள் வந்த பிறகு, நூறு வருஷத்துக்கு மேலாக நாங்கள் சொல்லிவந்த ஒரு கதையை யாராலும் பழையபடி சொல்ல முடியவில்லை.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு அக்கா இருந்தாள். பக்கத்தில் நாலைந்து மைல் தள்ளி ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் வீட்டில் ஏதோ மனத்தாங்கல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பன் வீட்டுக்கு வந்தாள், வந்து கொஞ்ச நாளில் பிள்ளையோடு கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். அவள்தான் எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி.

வட மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: குடும்பத்தில் கன்னியாகவோ சுமங்கலியாகவோ இறந்துபோன பெண் அந்தக் குடும்பத்தைக் காக்கிறாள் என்று நம்பி, கல்யாணம் காட்சிக்கு முன்னால் அவளுக்குப் புதுப்புடவை, பூ, வளையல், மஞ்சள் குங்குமம் எல்லாம் வைத்துப் படைப்பார்கள். அதற்கு முன் நீர்நிலைக்குப் போய் அவளைக் கலசத்தில் அழைத்துவர வேண்டும். எங்கள் வீட்டில் அழைப்பு அந்தக் கிணற்றங்கரையில்தான் நடக்கும். புடவைக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு பாவாடை சட்டையும் வைப்போம், கூடப் போன குழந்தைக்கு. படையல் முடிந்ததும் அந்தப் புடவையை வீட்டுப் பெண்களில் யாராவது ஒருத்தி கட்டிக்கொள்வாள். என் அம்மா கட்டியிருக்கிறார், என் தங்கை கட்டியிருக்கிறாள். அவளுடைய சொந்தப் பெயர் என்ன என்று நாங்கள் யாரும் கேட்டதே இல்லை, பூவாடைக்காரி என்றால் போதும்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மார்கழியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து இரண்டு பெண்கள் ஊருக்கு வந்தார்கள். ஒருவர் அறுபதைத் தாண்டியவர், இன்னொருவர் அவர் மகள். டர்பனுக்குப் பக்கத்தில் சாட்ஸ்வொர்த்தில் இருப்பவர்கள். டீக்கடையில் காரை நிறுத்தி, கையில் இருந்த காகிதத்தைக் காட்டி ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அது என் கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் பெயர். அந்தப் பெயரில் இப்போது ஊரில் யாரும் இல்லை, ஆனால் எங்கள் நிலத்தில் ஒரு துண்டை இன்னமும் அவர் பெயர் சொல்லி ‘கொல்லை’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த ஒரு பிடியை வைத்துக்கொண்டு கடைக்காரர் எனக்குப் போன் செய்தார். நான் வேலூரில் இருந்தேன், அன்று சாயங்காலமே ஊருக்குப் போய்விட்டேன்.

அவர்கள் எங்களைத் தேடி வந்த வழியே பெரிய கதை. காகிதத்தில் ‘வட ஆற்காடு’ என்று இருந்ததால் முதலில் ஆற்காடு நகரத்துக்குப் போய்த் தேடியிருக்கிறார்கள். அந்தப் பழைய மாவட்டம் இன்று வரைபடத்தில் இல்லை. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமானபோது அதன் வடக்குப் பக்கம் போய்விட்டது, 1989-இல் மிச்சத்தைப் பிரித்தபோது போளூர் திருவண்ணாமலையோடு சேர்ந்தது, 2019-இல் வேலூரையும் மூன்றாக்கிவிட்டார்கள். போதாததற்கு அந்தக் காலத்து எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியவர்கள். வந்தவாசி வாண்டிவாஷ் ஆகியிருக்கும், திருவண்ணாமலை ட்ரினாமலி ஆகியிருக்கும், சின்னக் கிராமங்களின் பெயரை வாய்விட்டுப் பலமுறை படித்துப் பார்த்தால்தான் பிடிபடும். ஆள் பெயர்களும் அப்படித்தான். அங்கே கவுண்டர் கோவெண்டர் ஆகி, முதலியார் மூட்லி ஆகி, நான்கு தலைமுறையாக அவையே வீட்டுப் பெயர்களாக நிலைத்துவிட்டன. டர்பனிலிருந்து சொந்த ஊர் தேடி வருபவர்களில் எத்தனையோ பேர் தப்பான மாவட்டத்தில் நாள் முழுக்க அலைந்துவிட்டு, ஏதோ ஒரு கோயிலில் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள் என்று அந்த அக்கா சொன்னபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. போளூரிலும் ஆரணியிலும் செய்யாறிலும் இருக்கும் நம்மில் யாராவது அந்தக் காகிதத்தை ஒரு தடவை வாங்கிப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

‘அக்கா’ என்று சொல்கிறேனே, அது மரியாதைக்குச் சொல்வதில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அந்தப் பட்டியலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நேட்டாலில் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பனில் போய் நின்றது. அன்று தொடங்கி 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் போனார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பலேறியவர்கள், மற்றவர்கள் கல்கத்தாவில். ஐந்து வருஷ ஒப்பந்தம். ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்குக்கூட, ஒரு எண். கூலி, விடுப்புச் சீட்டு, ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு, எல்லாம் அந்த எண்ணில்தான் பதிவாகும். பேரைத் தப்பாக எழுதினாலும் எண்ணைத் தப்பாக எழுதமாட்டார்கள். உயரத்தையும் தழும்பையும் அவ்வளவு கவனமாகக் குறித்ததற்கும் காரணம் உண்டு. தோட்டத்தை விட்டு ஓடிப்போனால் ஆளை அடையாளம் கண்டு பிடித்துவர வேண்டுமே! ஓடவிடாமல் வைக்க எழுதிய குறிப்புகளை வைத்துத்தான் இன்று பேரப்பிள்ளைகள் தங்கள் மனிதர்களைக் கண்டுபிடிக்கிறார்கள். மூலப் பதிவேடுகள் தென்னாப்பிரிக்க ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் அவற்றைக் கணினியில் ஏற்றிவிட்டதால் எண்ணோ பெயரோ தெரிந்தால் தேடிவிடலாம். வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கும் டர்பன்காரர்களுக்கு இந்தப் பட்டியலின் நகல்தான் ஆதாரம். அந்த அக்காவும் முதலில் அதற்காகத்தான் நகல் கேட்டு எழுதியிருக்கிறார்.

நகல் கைக்கு வந்ததும் அவர்கள் வீட்டுக் கதைதான் முதலில் உடைந்தது, எங்கள் கதை இல்லை.

அவர்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்தது இது: கொள்ளுப்பாட்டி கணவனோடும் குழந்தையோடும் கப்பலேறினாள், வழியில் கணவன் நோயில் இறந்தான், உடலைக் கடலில் விட்டார்கள், டர்பனில் கைக்குழந்தையோடு தனியாக இறங்கினாள். ஆனால் அந்தக் கப்பலின் முழுப் பட்டியலையும் அக்காவின் மகள் ஒவ்வொரு வரியாகப் பார்த்திருக்கிறாள். அப்படி ஒரு கணவன் அந்தக் கப்பலில் ஏறவே இல்லை. இவள் வரிக்கு முன்னாலும் பின்னாலும் வேறு ஊர், வேறு குடும்பம். தனியாகத்தான் வந்திருக்கிறாள்.

எங்கள் வீட்டில் அன்று ராத்திரி அந்தக் காகிதம் கைமாறியபோது நடந்ததை எழுதத்தான் வேண்டும். பெரியவர்கள் முதலில் விரல் வைத்துத் தேடியது சாதிக் கட்டத்தை. அதில் இருந்தது எங்கள் சாதிதான் என்று தெரிந்த பிறகுதான் வந்தவர்களுக்குக் காபி வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் கட்டத்தில் வேறு எது இருந்திருந்தாலும் அந்த ஆயா (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம்) எங்கள் ஆயாதான் என்று அன்றே சொன்னேன், இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

அப்புறம் பெயர். பட்டியலில் இருந்த பெயர் எங்களில் யாருக்கும் எதையும் ஞாபகப்படுத்தவில்லை. என் அத்தைக்கு, அப்பாவின் அக்காவுக்கு, காது மந்தம். உரக்கச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “அது எங்க தாத்தா அக்கா பேராச்சே” என்றார். அந்தக் குழந்தையின் பெயரையும் நாங்கள் சொல்வதற்கு முன்னால் அவரே சொன்னார். அதைக் கேட்டு டர்பன் அக்கா அழ ஆரம்பித்துவிட்டார், ஏனென்றால் அந்தக் குழந்தைதான் அவருடைய அப்பாவைப் பெற்ற பாட்டி. (பெயர்களை இங்கே எழுத வேண்டாம் என்று இரண்டு வீட்டிலும் கேட்டுக்கொண்டார்கள், அதனால் எழுதவில்லை.)

அத்தை விரல் விட்டு முறையைக் கணக்குப் போட்டார். அந்தக் குழந்தை என் தாத்தாவுக்கு அத்தை மகள். அதாவது கட்டிக்கொள்ளும் முறை. அப்படியென்றால் அவள் பெற்ற பிள்ளை என் தாத்தாவுக்குப் பிள்ளை முறை, என் அப்பாவுக்குப் பங்காளி மாதிரி அண்ணன் தம்பி. அந்தப் பிள்ளைக்குப் பிறந்த பெண் எனக்கு அக்கா. ஒரு தமிழ் வாக்கியம் பேசத் தெரியாத, வேறு கண்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு மனுஷியை அத்தை ஒரு நிமிஷத்தில் குடும்பத்துக்குள் உட்காரவைத்துவிட்டார். “ஒனக்கு அக்காடா, கால்ல உழுந்து கும்புடு” என்றார். நானும் விழுந்தேன்.

அன்று அத்தை சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை இதற்குள் இழுத்துவிட்டது. “பூவாடை அழைக்கக் கெணத்தங்கரைக்குப் போவோமில்ல, எங்க தாத்தா மட்டும் வரமாட்டாரு. அன்னிக்குன்னு பாத்துக் கழனிக்குப் போயிடுவாரு. படைச்சு முடிச்சாவுட்டுதான் வூட்டுக்கு வருவாரு.” சின்ன வயதில் அத்தை அதைத் துக்கம் என்று நினைத்திருக்கிறார். கிணற்றில் பிணம் எடுத்ததை யாராவது பார்த்தார்களா என்று கேட்டேன். பார்த்ததாக யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை. 1898-இல் கொள்ளுத்தாத்தாவுக்கு வயது பதினெட்டு இருக்கலாம். அந்த வருஷங்களில் விழுப்புரம் ரயில் பாதை போளூர் வழியாக ஓட ஆரம்பித்திருந்தது. நான்கு வயதுக் குழந்தையோடு ஒரு பெண் ராத்திரியில் போளூர் ஸ்டேஷனுக்குத் தனியாக நடந்து போயிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. தம்பிதான் கூடப் போயிருக்க வேண்டும். இதற்கு என்னிடம் காகிதம் கிடையாது. ஆனாலும் அவர் அந்தக் கிணற்றங்கரைக்கு ஏன் வரவில்லை என்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஊரில் ஆள் பிடித்தவர்கள் மேஸ்திரிகள். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். அரசு விதிப்படி ஒவ்வொரு கப்பலிலும் நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது இருக்க வேண்டும், அந்தக் கணக்கு சேராமல் கப்பல் கிளம்பாது. ஆண்கள் சுலபமாகக் கிடைத்தார்கள், பெண்கள் கிடைக்கவில்லை. ஆகவே தனியாக இருக்கும் பெண், விதவை, புருஷன் கைவிட்டவள், மாமியார் வீட்டை விட்டு வந்தவள், இப்படிப்பட்டவர்களைத்தான் மேஸ்திரிகள் தேடிப் போனார்கள். ஏமாற்றிக் கூட்டிப்போனது நிறைய நடந்திருக்கிறது. கடல் தாண்ட வேண்டும் என்பதையே மறைத்து அழைத்துப் போயிருக்கிறார்கள். அதையெல்லாம் படித்த பிறகும் எங்கள் ஆயா வெறுமனே ஏமாந்து போனாள் என்று நான் நினைக்கவில்லை. காரணம், அந்தப் பட்டியலில் அவள் சொல்லியிருக்கும் விவரங்கள். தகப்பன் பெயர் சரி. ஊர் சரி, தாலுகா சரி. பொய்ப் பெயரும் பொய் ஊரும் சொல்லிப் போனவர்கள் எத்தனையோ பேர். இவள் எதையும் மாற்றவில்லை. யாராவது என்றாவது தேடினால் கிடைக்கட்டும் என்று நினைத்தாளோ, எழுத்தர் கேட்டதற்குப் பதில் சொன்னாளோ, எப்படியோ அவள் வாயால் சொன்ன ஒரே விலாசம் எங்கள் வீட்டு விலாசம்.

அடையாளம் என்ற கட்டத்தில் இடது முழங்கைக்குக் கீழே சூட்டுத் தழும்பு என்று இருக்கிறது. எங்கள் பக்கம் குழந்தைக்கு மாந்தம் என்றால் சூடு போடும் வழக்கம் இருந்தது, அதுவாகவும் இருக்கலாம். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். என் தங்கை அந்த வரியைப் படித்துவிட்டு வெகு நேரம் யாரோடும் பேசவில்லை.

டர்பனில் இறங்கிய பிறகு அவள் வாழ்க்கை எண்ணின் வழியாகத் தொடர்கிறது. நேட்டாலின் வடக்குக் கடற்கரையில் ஸ்டேங்கர் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு அவளையும் குழந்தையையும் அனுப்பியிருக்கிறார்கள். நேட்டால் என்றால் எல்லோருக்கும் கரும்புதான் ஞாபகம் வரும், ஆனால் அந்தக் காலத்தில் அங்கே தேயிலையும் இருந்தது, கொழுந்து கிள்ளப் பெண்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டார்கள். இந்தியக் கூலிகள் வருவது நின்றபின் அந்தத் தேயிலைத் தொழிலும் படுத்துவிட்டது. கூலி முதல் வருஷத்தில் ஆணுக்கு மாதம் பத்து ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய் தோட்டத்தில் அளப்பார்கள். பாதிக் கூலி என்றால் வருஷத்துக்கு அறுபது ஷில்லிங், அதாவது சரியாக மூன்று பவுண்டு.

இந்த மூன்று பவுண்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1895-இல் நேட்டால் அரசு ஒரு சட்டம் போட்டது. அதற்குப் பிறகு ஒப்பந்தத்தில் வந்தவர்கள், ஐந்து வருஷம் முடிந்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி ஒப்பந்தத்தில் சேர வேண்டும், இரண்டும் வேண்டாம் என்று சுதந்திரமாக அங்கேயே இருந்தால் வருஷத்துக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வரி. கூலி பாதி, வரி முழுசு. பின்னால் பதினாறு வயதான பையன்களுக்கும் பதின்மூன்று வயதான பெண்களுக்கும் இதே வரியை நீட்டினார்கள். ஆயாவுக்கு ஒப்பந்தம் முடிந்தது 1903-இல். மகளுக்குப் பதின்மூன்று வயது முடிந்தது 1907-இல். அந்த வருஷத்திலிருந்து வீட்டில் இரண்டு பெண்களுக்கு ஆறு பவுண்டு. 1913-இல் நிலக்கரிச் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் ஆயிரக்கணக்கான பேர் வேலையை நிறுத்திவிட்டு நடந்தது இந்த வரிக்காகத்தான், தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போய், வெளியே வந்து 1914 பிப்ரவரியில் உயிரை விட்ட போராட்டமும் அதுவேதான். அதே வருஷம் வரியை எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் நான் வள்ளியம்மையைப் பற்றிப் பாடம் படித்தவன். அந்த மூன்று பவுண்டு எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் தலைமேல் இருந்தது என்று அப்போது தெரிந்திருந்தால் அந்தப் பாடத்தை வேறு மாதிரி படித்திருப்பேன்.

1904-இல் ஆயா மறுபடி கல்யாணம் செய்துகொண்டாள். ஒப்பந்தக் கூலிகளின் திருமணத்தையும் அரசிடம் பதிய வேண்டும் என்பதால் அதற்கும் காகிதம் இருக்கிறது. மாப்பிள்ளை செங்கல்பட்டு ஜில்லாக்காரர், அவரும் எண்ணோடு வந்தவர். பெண்ணின் நிலை என்ற இடத்தில் ‘விதவை’. அங்கேதான் கடலில் இறந்த கணவனின் கதை பிறந்திருக்க வேண்டும். டர்பன் குடும்பம் அதைப் பின்னால் கட்டியது இல்லை, ஆயாவே முதலில் சொன்னது. வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? கணவன் உயிரோடு இருக்கிறான் என்றால் இந்தக் கல்யாணம் நடக்காது. தனியாக வந்த பெண்களைத் தோட்டத்து வெள்ளைக்காரர்களும் கேவலமாகப் பேசினார்கள், நம் ஆட்களும் பேசினார்கள். கூடவே வயதுக்கு வரப்போகும் ஒரு மகள். ஒரு பொய்யைச் சொல்லி இரண்டு பேருக்கும் அவள் ஒரு மரியாதையான இடம் வாங்கியிருக்கிறாள். அக்காவின் மகளுக்கு இதில் முதலில் கொஞ்சம் சங்கடம் இருந்தது. எனக்கு இல்லை.

1940களில்தான் அவள் காலமானாள். டர்பன் அக்காவின் அப்பா சின்னப் பையனாக அவளோடு இருந்தவர். அவர் சொன்னதைக் கேட்டு அக்கா சொன்னவை சில: ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றாமல் இருக்கமாட்டாள். ஏரி நிறைந்தால் கோடி போகும் (அதாவது நிரம்பி வழியும்) என்பாள், அங்கே ஏரியே கிடையாது. தம்பி ஒருவன் இருந்தான் என்பாள், ஆனால் ஊருக்குத் திரும்பிப் போகலாமா என்று யாராவது கேட்டால் எழுந்து போய்விடுவாள். அந்தக் கூழ் இன்றும் டர்பன் மாரியம்மன் கோயில்களில் ஆடியில் ஊற்றப்படுகிறது, பீட்டர்மாரிட்ஸ்பர்கில் புனித வெள்ளி விடுமுறையில் தீமிதி நடக்கிறது, தெருக்கூத்துகூட ஏதோ ஒரு வடிவத்தில் அங்கே பிழைத்திருக்கிறது. எங்கள் ஊர்ச் சுவரில் பாரதக் கூத்துப் போஸ்டரில் கிரீடமும் புஜகீர்த்தியுமாக நின்றவரைப் பார்த்து அக்கா, தமிழ் எழுத்து ஒன்றும் படிக்கத் தெரியாமலே, இது எங்கள் ஊரிலும் இருக்கிறது என்று கைகாட்டினார்.

அவர்கள் திரும்பிப் போன பிறகு இந்தப் பக்கத்துக் காகிதங்களைத் தேடுவது என் வேலையாயிற்று. கிணற்றில் செத்திருந்தால் கிராம முன்சீப் சாவைப் பதிந்திருப்பார். அந்த வருஷத்துப் பதிவேடு இப்போது இல்லை. 1980-இல் கர்ணம், முன்சீப் பதவிகளை எடுத்தபோது பல ஊர்களில் பழைய கட்டுகள் எங்கெங்கோ போய்விட்டன. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரங்களின் நகல் புத்தகங்கள் இருக்கும், மனுப் போட்டுப் பணம் கட்டினால் நகல் கொடுப்பார்கள். அப்படித்தான் விகாரி வருஷத்துக் கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்தது. விகாரி என்றால் 1899-1900. ஆயாவின் தகப்பனார் நஞ்சையில் ஒரு துண்டை விற்கிறார். எதற்கு விற்கிறேன் என்று அந்தக் காலத்துப் பத்திரங்களில் எழுதுவார்கள். இதில் இருப்பது, மருமகன் வகையறாவுக்குக் கொடுக்க வேண்டிய தொகைக்காக.

கட்டிக்கொடுத்த மகள் செத்துப்போனதற்கு மருமகன் வீட்டுக்கு எதற்குப் பணம்? அதைத் தெரிந்துகொள்ள அந்த ஊருக்கே போனேன்.

இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் வீட்டுக்கும் அந்த ஊருக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஏன் என்று யாரும் யோசித்ததில்லை. அந்தப் புருஷனின் வழியில் வந்த ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற வாத்தியார், திண்ணையில் உட்காரவைத்துப் பேசினார். அவர்கள் வீட்டுக் கதையில் கிணறே இல்லை, கப்பலும் இல்லை. “பொண்ண அவங்க அப்பன் வீட்லயே ஒளிச்சு வெச்சுட்டு, செத்துட்டான்னு சொன்னாங்க. புள்ளையையும் குடுக்கல. அப்புறம் பஞ்சாயத்து வெச்சு, பரிசப் பணம், போட்ட நகை எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு எங்க பெரியவருக்கு வேற கல்யாணம் செஞ்சாங்க. அன்னியோட உங்க ஊர்ல பொண்ணு எடுக்கறது இல்லன்னு சொல்லிட்டாங்க.” அவர் குரலில் கோபம் இல்லை, கேள்விப்பட்டதைச் சொன்னார்.

ஆக மூன்று வீடு, மூன்று கதை. ஒரு வீட்டில் அவளைக் கிணற்றில் தள்ளினார்கள், ஒரு வீட்டில் அவள் புருஷனைக் கடலில் விட்டார்கள், ஒரு வீட்டில் அவளை அறைக்குள் பூட்டிவைத்தார்கள். அவள் தானே கிளம்பிப் போனாள் என்பதை மட்டும் மூன்று வீட்டாராலும் சொல்ல முடியவில்லை. தகப்பனுக்கு மகள் ஓடிப்போனாள் என்பதைவிடச் செத்துப்போனாள் என்பது தாங்கக்கூடியதாக இருந்திருக்கிறது. அதைக்கூட நான் புரிந்துகொள்ள முயல்கிறேன். ஆனால் அந்தப் பொய்க்காக அவர் நிலத்தை விற்றிருக்கிறார், மகனை வாழ்நாள் முழுக்க வாயைக் கட்டி வைத்திருக்கிறார். நான்கு தலைமுறைப் பெண்கள், புருஷன் வீட்டில் முடியாமல் போனால் கிணறுதான் வழி என்று சொல்லும் ஒரு தெய்வத்துக்குப் புடவை வைத்துக் கும்பிட்டு, அந்தப் புடவையைக் கட்டியும் இருக்கிறார்கள். எனக்கு ஆறாதது இந்தக் கடைசி விஷயம்தான். கிணற்றைத் தவிர இன்னொரு வழியும் இருந்தது, எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி அந்த வழியில் போய், கொழுந்து கிள்ளி, வரி கட்டி, மகளை வளர்த்து, எழுபது வயதுக்கு இருந்தாள் என்று அவர்களில் ஒருத்திக்காவது தெரிந்திருக்கலாம்.

படையலை என்ன செய்வது என்று வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. செத்ததாக நினைத்துத்தான் கும்பிட்டோம், இனி எப்படி என்றார் சித்தப்பா. அவளும் இறந்து எண்பது வருஷம் ஆகப்போகிறதே, இறந்தவர்தானே என்றார் அத்தை. கடைசியில் தங்கை சொன்னபடி முடிவாயிற்று: படையல் உண்டு, கிணற்றங்கரைக்குப் போவதில்லை, அழைக்கும்போது பெயரைச் சொல்லி அழைப்பது. குழந்தைப் பாவாடையை நிறுத்திவிட்டோம். அந்தக் குழந்தை வளர்ந்து பாட்டியாகிப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போனவள்.

இப்போது டர்பன் பக்கத்தில் அக்காவின் மகள் அடுத்த காகிதங்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். ஒப்பந்தக் கூலிகளின் புகார்கள், மனுக்கள் எல்லாம் இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரியிடம்தான் போகும், அந்தக் கட்டுகளில் ஆயாவின் எண் எங்காவது வருகிறதா என்று பார்க்க வேண்டும். நான் எழும்பூரில் ஆவணக் காப்பகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், சென்னை அரசின் குடிபெயர்வுக் கோப்புகளில் போளூர் தாலுகாவில் ஆள் எடுத்தவர்களைப் பற்றி ஏதாவது கிடைக்கும் என்ற நம்பிக்கையில்.

வரும் பங்குனியில் அக்கா குடும்பத்தோடு வருகிறார். இந்த முறை இரண்டு ஊருக்கும் போவதாக ஏற்பாடு, அந்தப் புருஷன் வீட்டாரும் அவருக்கு ரத்த உறவுதானே. வாத்தியாருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டு, எத்தனை பேர் வருவீர்கள், சாப்பாடு அவர்கள் வீட்டில்தான் என்றார்.